அடுத்த மணி வரைக்கும்

ஏற எண்பது நொடி, இறங்கவும் அதேதான்,
யாராவது தள்ளுவண்டியோடு வந்து
கதவில் மாட்டிக்கொள்ளாத வரைக்கும்.
கீழ்நிலையத்தில் நோல்பெர்த்தோ ஒருமுறை மணியடித்தால்
ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம்.
நான் நெம்புகோலைத் தள்ளுவேன்.
மரப்பெட்டி முனகிக்கொண்டு
வல்பராய்சோ துறைமுகத்தை விட்டு மேலே கிளம்பும்.
அதன் ஜோடி என்னிடமிருந்து கீழே போகும்.
அந்த எண்பது நொடியும் கை நகராட்சியுடையது.
பெட்டி நின்றபின்,
அடுத்த மணி வரைக்கும்,
என்னுடையது.

எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
நாலு நிமிஷமாக இருக்கும். பதினொன்றாக இருக்கும்.
சில சமயம் கொக்கியில் நூலைச் சுற்றுவதற்குள்
மணி.

ஏழரைக்குப் பள்ளிப்பிள்ளைகள்.
குரோஷா ஊசி சில்லறை டப்பாவில்
நூறு பெசோ காசுகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கும்.
பத்தரைக்கு மேல் ஒரு வரிசை நகரும்.
மழை பெய்தால் ஒன்றரை.
சுற்றுலாக் கப்பல் வந்த நாளில்
ஒரு கண்ணிகூடக் கிடையாது.
அன்றைக்கு எல்லோரும் என்னைப் படம் எடுப்பார்கள்,
ஊசி இல்லாத கையை.

எம்பிராய்டரி வீட்டுக்கு.
உருளைக்கிழங்கு வேகிற நேரத்துக்கு.
எலியாசரின் வேலைக் கால்சட்டையில்
முழங்காலில் ஒரு கிழிசல்.
அதன்மேல் ஒரு சாளை மீன் போட்டேன்,
செதில் செதிலாக, மூன்று இரவுச் சாப்பாட்டுக்கு.
"மீன் சந்தையில் வேலை பார்க்கிறவன் காலில் மீனா?"
கோபித்துக்கொண்டான்.
மறுவாரம் அடுத்த முழங்காலையும்
தானே கிழித்துக்கொண்டு வந்து நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு மதியமும் எனக்கே வாய்த்தது.
சன்னல், வெளிச்சம், காபி, யாரும் இல்லாத வீடு.
மூன்று மணி நேரத்தில் நாலு வரிசை போட்டு
மூன்றைப் பிரித்தேன்.
அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை.
எழுந்துபோய் அடுப்பைத் துலக்கினேன்.

பச்சையும் கடுகு மஞ்சளுமாகப்
போர்வை இப்போது முழங்காலைத் தாண்டிவிட்டது.
"இதில் உங்கள் வாழ்க்கையே இருக்கிறது"
என்றாள் ஒரு பயணி, கண் கலங்கி.
இல்லை, அம்மணி.
இதில் பதினேழு பிழை இருக்கிறது.

போன வியாழன் தெற்குக் காற்று.
கல்லாப் பலகையிலிருந்து பச்சை நூல்கண்டு
துள்ளி, சன்னலைத் தாண்டி,
தண்டவாளங்களுக்கு நடுவே உருண்டது.
இரண்டு பெட்டியும் பாதி வழியில்.
கை நெம்புகோலில்.
நூலின் ஒரு முனை இன்னும் என் மடியில் இருந்தது,
மறுமுனை கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.
விதிப்புத்தகத்தில்
ஆள் விழுந்தால் என்று இருக்கிறது,
நாய் குறுக்கே வந்தால் என்று இருக்கிறது.
சக்கரம் நூலை அறுத்தது.
மடியில் ஒரு முழம் மிச்சம்.

பிறகு வெகுநேரம் மணி இல்லை.
ஊசிக்கு வேலையும் இல்லை.
பதினோரு வருஷமாக இல்லாத வெறுமையான நேரம்,
அதை நகத்தைப் பார்த்துக் கழித்தேன்.

மணி. ஒருமுறை.
ஆள் ஏறியாயிற்று.
எண்பது நொடியில் வந்து நின்ற பெட்டியில்
யாரும் இல்லை.
பலகை இருக்கையின் மூலையில்
நூல்கண்டு உட்கார்ந்திருந்தது.
கப்பல் கயிறு சுற்றிப் பழகிய கை போலிருக்கிறது;
எட்டு எட்டாக, இறுக்கி, கல்லைப் போலச் சுற்றியிருந்தான்.
இடுக்கில் ஒரு டிக்கெட்.
துளையிட்டது. ஒரு வழி மட்டும்.

அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது.
நான் திறக்க வரும்போது அவன் உள்ளே இருப்பான்,
நான் மூடும்போது அவன் பேருந்தில்.
தொலைபேசியில் "கேபிளுக்கு எண்ணெய்" என்பான்,
"சரி" என்பேன்.

அறுந்த இரண்டு முனையையும் முடிந்தேன்.
முடிச்சு மேலாகவே நின்றது,
உள்ளே தள்ள வரவில்லை.
பதினெட்டு.
டிக்கெட்டைச் சில்லறை டப்பாவில் போட்டு
கொக்கியில் நூலைச் சுற்றினேன்.
மணி.