நாலு விரல் இறக்கம்

ஞாயிறு மதியம் மூன்று மணி.
புதுப்பாளையம் இரண்டாம் குறுக்குத் தெருவில்
செங்கல் அடுக்கின்மேல் ஏறி நிற்கிறது என் பள்ளி வேன்.
அடியில் நான்.
மேலே, ஓட்டுநர் இருக்கையில்,
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்
வீட்டுக்காரர் தில்லைக்கோவிந்தன்.
வாடகை கேட்க வந்தவர்.

"மிதிங்க.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
அப்படியே பிடிங்க."

எட்டாம் நம்பர் ஸ்பேனர் கால் சுற்று.
குழாயில் சீறி வந்தது
கடுந்தேநீர் நிறத்தில் பழைய எண்ணெய்,
நடுவில் மீன்குஞ்சின் கண் அளவு ஒரு குமிழி.
"ஐயோ, கால் உள்ளே போவுதே!"
போகட்டும் சார்.
நான் மூடும்வரை எடுத்துவிடாதீர்கள்.
"சித்திரை வாடகையும் இப்படித்தான் உள்ளே போச்சு."

தேவனாம்பட்டினத்துக் காற்று
இரும்பைச் சும்மா விடாது.
உப்பு தின்ற முன்சக்கரக் காலிப்பர்கள் இரண்டையும்
வெள்ளி இரவு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
நானே மாற்றினேன்.
கூலி மிச்சம் என்று நினைத்தேன்.

இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.
தூரத்துச் சக்கரம் முதலில், கிட்டத்துச் சக்கரம் கடைசியில்.
முறை தவறவில்லை.
மூன்று சுற்று, மூன்று பாட்டில்,
டப்பா வற்றாமல் பார்த்துப் பார்த்து ஊற்றியாயிற்று.
குமிழி வருவது நின்றுவிட்டது.
பெடல் மட்டும்
அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் மணல் நழுவுமே,
அப்படி இறங்குகிறது.
நாலு விரல்.

நாளை ஏழே காலுக்குப் பதினோரு பிள்ளைகள்.
முன்சீட்டுக்குச் சண்டை பிடிக்கும் யாழினி.
கெடிலம் பாலத்து இறக்கம்.
எதிரே எப்போதும் ஒரு மணல் லாரி.

காலை ட்யூட்டி முடித்து வந்த சகாயராணி
டிபன் பையோடு நின்றாள், பிறகு குந்தினாள்.
பெரியாஸ்பத்திரி நர்ஸ்.
"காத்தா?"
"காத்துதான். வெளியே வரமாட்டேங்குது."
"டிரிப் பாட்டில்ல காத்து எங்க நிக்கும்?"
"மேலே."
"நீங்க திறக்கிற வாய் எங்க இருக்கு?"

பார்த்தேன்.
இரண்டு நிப்பிளும் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன.
இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் மாட்டியிருக்கிறேன்.
எண்ணெய் கீழ்வாசல் வழியே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.
காற்று மாடியில்
வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது.

இதைச் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது.
"அப்ப காலி பண்ணு," என்றார் மேலிருந்தவர்.

கழற்றி மாற்றி மாட்டுவதற்குள்
விளக்கு வைக்கும் நேரம்.
தேநீர் குடிக்கப் போனவர்
கூப்பிடாமலே திரும்பி வந்து
இருக்கையில் ஏறினார்.
மிதிங்க. பிடிங்க.
வலது முன்னில் திறந்ததும்
நெடுநாள் இருமல்போல ஒன்று புறப்பட்டது,
நுரை, நுரை, மறுபடி நுரை,
அப்புறம் தேன்நிறத்தில் ஒரே கம்பியாய் எண்ணெய்.

மேலே பேச்சில்லை.
கொஞ்சம் பொறுத்து,
"நிக்குது," என்றார் தில்லைக்கோவிந்தன்.
பூஜையறையில் பேசுகிற குரலில்.

நான் ஏறி மிதித்தேன்.
ஒன்றரை விரல்.
அதற்குக் கீழே பாறை.
பாதத்தில் வாங்கிய அழுத்தம்
முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து,
முதுகு சாய்ந்தது சீட்டில்.
எஞ்சினைப் போட்டேன். ஒரு நூல் தாழ்ந்தது.
திக்கென்றது. பூஸ்டர் இழுப்புதான்.
தாழ்ந்த இடத்திலேயே அசையாமல் நின்றது,
நூறு எண்ணும்வரை.

பீச் ரோட்டில் இருபதில் போய் மிதித்தேன். நின்றது.
நாற்பதில் மிதித்தேன்.
பின்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டவர்
"பிரேக் நல்லாத்தான் இருக்கு.
அஞ்சாம் தேதிக்குள்ள கொடுத்துடு," என்றார்.

வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்:
எண்ணெய் விரலோடு கதவைத் தொட்டிருக்கிறேன்.
பெயிண்ட் கரைந்து
'பள்ளி வாகனம்' தன் முதல் புள்ளியை இழந்திருந்தது.
பளளி.
நாளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.
யாழினி கவனிப்பாள்.