தணிக்கைக் குறிப்பு பதினான்குக்கு விளக்கம்

ஐயா,
கேட்டிருக்கிறீர்கள்,
பாளையங்கோட்டை தெற்கு விடுதியின்
தேக்கு நாற்காலிகள் நூற்றுப் பன்னிரண்டும்
யார் சொல்லி, என்ன விலைக்குப் போயின என்று.

எடையில் போனவை நூற்றாறு.
மேலப்பாளையம் செய்யது மசூது
தராசோடு வந்தார். விறகு விலை.
கிலோ ஒன்பது ரூபாய்,
பிரம்பு, ஆணி, மூட்டைப்பூச்சி எல்லாம் சேர்த்து.
ரசீது இணைப்பு இரண்டில் இருக்கிறது.
அதிலுள்ள டீக்கறை என்னுடையது.

நீங்கள் அனுப்பிய ஏலப் புத்தகத்தைப் பார்த்தேன்.
வெள்ளைச் சுவர், ஒற்றை விளக்கு,
நடுவில் நம் நாற்காலி
அடையாள அணிவகுப்பில் நிற்பதுபோல்.
பின்காலில் ‘தெ.வி. 61’.
அதை எழுதியது சேர்மக்கனி,
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்,
நம்பருக்கு இருபத்தைந்து பைசா.
ஒன்றுக்கு வால் நீட்டிவிடுவான்.
படத்திலும் நீண்டிருக்கிறது.
அந்த வாலுக்கே தனி விலையாம்.

ஸ்டோர் பீரோவில் நீலத்தாள் ஒன்று கிடந்தது,
அறுபத்திரண்டில் வந்த கட்டடக்காரர் போட்ட வரைபடம்.
முதுகுச் சாய்வுக்குப் பக்கத்தில்
இங்கிலீஷில், பென்சிலில் எழுதியிருந்தார்:
படிக்கிறவன் தூங்கக்கூடாது,
தூங்கிவிட்டால் விழக்கூடாது.

விழுந்தார்கள்.
ராதாபுரம் சுயம்புலிங்கம்
பின்னிரண்டு காலில் ஆடி ஆடியே
தாவரவியலில் மூன்று அரியர் வைத்தான்.
பரீட்சை முடிந்த சித்திரையில்
எல்லாவற்றையும் முற்றத்தில் கவிழ்த்து
பிரம்பு ஓட்டைகளில் கொதிநீர் ஊற்றுவோம்.
ஆடி பிறந்தால் பூச்சி திரும்ப வந்துவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலி லாரியில் வந்து இறங்கியபோது
பையன்கள் விசில் அடித்தார்கள்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி உட்பிரிவு ஈ.
எழுதுபலகை இடப்பக்கம் வைத்த
இடக்கை நாற்காலிகள் ஆறு எங்கே?
உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை என்கிறது புத்தகம்.
இருந்தால் அந்தக் காசில்
விடுதியையே புதுசாகக் கட்டலாம் என்கிறார்
கொச்சியிலிருந்து வந்த ஏஜண்டு.

ஐயா, அவற்றை யாரும் கேட்கவில்லை.
இடக்கைக்காரன் வருஷத்துக்கு ஒருவன் வருவான்.
அவனையும் வீட்டில் அடித்து
வலக்கைக்கு மாற்றியிருப்பார்கள்.
தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி ஏறி வந்த அன்று
விறகெல்லாம் நனைந்துபோய்
சமையல் ஆசீர்வாதம் ஸ்டோர் வாசலில் நின்றார்.
“எரிக்க எதாவது தாரும்வே.
எரநூறு பய பசில கெடக்கான்.”

தேக்கில் எண்ணெய்ப் பசை. நன்றாகப் பிடித்தது.
கஞ்சியும் காணத் துவையலும்.
நானும் இரண்டு தம்ளர் குடித்தேன்.
அந்தக் கஞ்சியின் இன்றைய மதிப்பை
எந்தத் தலைப்பின் கீழ்க் காட்டுவது என்று
தாங்களே சொல்ல வேண்டும்.

ஐந்து எரிந்தன.

ஆறாவதைப் பற்றித்
தங்கள் குறிப்பில் தனிக்கேள்வி இல்லை.

இந்தத் தாளில் வரிக்கு வரி
மை இழுவியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.
எழுதியது காயுமுன்னே
எழுதிய கை அதன்மேல் போய்விடுகிறது எனக்கு,
சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.
பலகை மட்டும் இன்னும் ஆடவில்லை.

இப்படிக்கு,
பே. தளவாய்,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்.