பெல்ட்டின் கடைசிச் சாண்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
பதினோரு வருஷமாக
வருகிறவர்களின் பழைய கதையைக்
கேட்டு எழுதுவது என் வேலை.
சுகர் உண்டா, பிரஷர் உண்டா,
முன்னால் ஆபரேஷன் ஏதும்?
‘ஒண்ணும் கெடையாதும்மா’ என்பார்கள்.
சேலை விலகினால் தெரியும்
தையல் போட்ட வடு.

அதனால்தான்
வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரத்தில்
அந்த வெள்ளைக் காரை
மருமகனைப் போலத் தட்டிக்கொடுத்து
‘ஒரே ஓனர், டாக்டர் வண்டி மேடம்,
ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மட்டுந்தான் எடுப்பாரு’
என்று சொரிமுத்து சொன்னபோது
நான் தலையாட்டவில்லை.
ஆர்சி புக்கைக் கேட்டேன்.

நாலு லட்சத்து இருபது.
மீட்டர் முப்பத்தோராயிரம் காட்டியது.
பிரேக் மிதியின் ரப்பரோ
பாபநாசம் படித்துறை மாதிரித் தேய்ந்திருந்தது.

போனில் நம்பரைத் தட்டினேன்.
ஓனர் வரிசை: மூன்று.
இன்ஷூரன்ஸ்: முடிந்து பதினாலு மாதம்.
‘அது சர்வர் கோளாறு’ என்றான்,
ஒரு சொட்டு வேர்வை இல்லாமல்.

மேலப்பாளையத்திலிருந்து கூட்டிவந்த
மெக்கானிக் பீர் முகம்மது
பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தார்.
இழுத்துக்கொண்டே இருந்தார்,
எவ்வளவு பருத்த ஆளுக்கும் தேவைப்படாத
கடைசிச் சாண் வரைக்கும்.

அங்கே
விரல் அகலத்துக்கு
வண்டல் கோடு.

‘மோந்து பாருங்க.’
மல்லிகை சென்ட் தொங்கிய வண்டிக்குள்
வற்றிய குளத்தின் அடிவயிறு.

சீட்டு மாற்றியிருந்தார்கள்,
விரிப்பு மாற்றியிருந்தார்கள்,
சுருளுக்குள் சுருண்டு படுத்திருந்த ஆற்றை
எழுப்பிவிட யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டெப்னிக்கு அடியில்
ஒட்டிக் காய்ந்த சர்வீஸ் பில்.
பாதி அழிந்த நம்பரை
மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன்.
மூன்றாவது, ஏரலில் எடுத்தது.
ஞானப்பழம்.
டாக்டர் இல்லை, உரக்கடை.

‘அந்த வண்டியா? இன்னும் ஓடுதா?’
வெளியூரில் தொலைந்த தம்பியை
யாரோ பார்த்ததாகச் சொன்னதுபோல் கேட்டார்.

‘ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி.
வேப்பமரத்துல வடம் போட்டுக் கட்டுனேன்,
மாட்டைக் கட்டுத மாதிரி.
மூணு நாள் கழிச்சுத்தான் மேக்கூரை தெரிஞ்சுது.
இன்ஷூரன்ஸ் இருந்துச்சும்மா. தேர்டு பார்ட்டி.
நான் ஆரையாவது இடிச்சா அவருக்குக் கெடைக்கும்.
ஆறு என்னைய இடிச்சா
எனக்குக் கெடையாதாம்.
ஒம்பதாயிரம் மிச்சம் பிடிச்சேன் அந்த வருசம்.
கடைசில ஒரு லட்சத்துக்குத் தள்ளிவிட்டேன்.
வாங்குனவன்ட்ட சொல்லித்தான் குடுத்தேன்,
தண்ணில கெடந்ததுன்னு.
எழுதியும் குடுத்தேன்.’

அந்தத் தாள்
இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் நடுவில்
எங்கோ கரைந்துவிட்டது.

சொரிமுத்து மூணேமுக்காலுக்கு இறங்கினான்.
மூணரை. மூணு.
வெள்ளம் வடிகிற வேகம்.
அதற்குள் ஒரு தம்பதி வந்துவிட்டார்கள்,
இடுப்பில் குழந்தையோடு,
வெள்ளை நிறம்தான் வேணும் என்று சொல்லிக்கொண்டே.
நான் ஒன்றும் பேசவில்லை.
பெல்ட்டை முழுக்க இழுத்து
வண்டல் கோடு வெளியே தொங்கும்படி
கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆடி கழிந்து
வேறொரு வண்டி வாங்கினேன்.
இரண்டாவது ஓனர், அதை அவரே சொன்னார்.
இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பையன் சிரித்தான்:
‘ஹைகிரவுண்ட்ல இருந்துக்கிட்டு
வெள்ளத்துக்கா மேடம் கட்டுதீங்க?’
கட்டுதேன் தம்பி, இன்ஜினுக்கும் சேத்துப் போடு.

போட்டான். அடுத்த கட்டத்தைப் படித்தான்:
‘வண்டில ஏற்கெனவே அடி, கீறல் ஏதும்?’

‘ஒண்ணும் கெடையாது’
என்று வாய் தானாகச் சொன்னது.

முந்தாநாள் முருகன்குறிச்சி முக்கில்
ஒரு கரும்புச்சாறு வண்டி.

பேனாவை மூடப்போனான்.
‘இடது பக்கம்’ என்றேன்.
‘பின்கதவுல. வந்து பாரு.’