உப்புக்கு வசனம் இல்லை

சம்பளச் சனிக்கிழமை.
லாபிஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
லிம் தவுக்கேயின் மினி மார்க்கெட்.
மீன் பெட்டிக்கும் டயப்பர் அடுக்குக்கும் நடுவே
எனக்கு ஒரு மடக்கு மேசை, ஒரு மின்சட்டி,
பல்குச்சி குத்திய எண்பது துண்டுக் கோழி.
முதுகுக்குப் பின்னால் ஆளுயரப் படத்தில் அவள்.

அவளுக்கு வியர்ப்பதில்லை.
கொதிக்கிற குழம்பின் மேல் குனிந்திருக்கிறாள்,
பொட்டு அழியவில்லை.
கரண்டியை உதட்டருகே கொண்டுபோய்
கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், பத்து மாதமாக.
இன்னும் ருசி பார்த்து முடிக்கவில்லை.
அந்த ஆவிகூட ஈரப் பஞ்சைச் சூடாக்கி எடுத்ததாம்,
லோரிக்காரன் சொன்னான்.
மேசையில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்,
நான்கு தட்டு.
ஐந்தாவது தட்டு படத்தில் இல்லை.
எண்ணிப் பார்த்தது நான் மட்டும்தானா தெரியவில்லை.

பாக்கெட்டின் மேல் தங்க எழுத்தில்
அம்மாவின் கைமணம்.
என் தங்கை யோகவதி நீலாயில்
அந்தத் தொழிற்சாலையில்தான் இருக்கிறாள்.
இரட்டைக் கையுறை, முகக்கவசம், தலைக்கு வலை.
தூளில் கை பட்டுவிட்டால்
மூட்டையையே கொட்டிவிடுவார்களாம்.

புவான் நோராய்னி ஜொகூர் பாருவிலிருந்து வந்து
அட்டையில் வசனம் எழுதிக் கொடுத்தார்.
பிள்ளையோடு வந்தால்,
"வளர்ற பிள்ளைக்கு நீங்க தர்ற அன்பு."
கழுத்தில் புதுத் தாலி தெரிந்தால்,
"மாமியாரே ரெசிப்பி கேப்பாங்க."
கொஞ்சம் பருமனாக இருந்தால் குரலைத் தணித்து,
"குற்ற உணர்ச்சியே வேணாங்க்கா, இது லைட்."
வேலைக்குப் போகிறவளுக்கு,
"உங்களுக்குன்னு ஒரு அரைமணி மிச்சம்."
(அந்த அரைமணியில் துணி காயப்போடலாம்.)
ஆண்கள் வந்தால்?
"சும்மா குடு. சாப்பிடட்டும்."

மலாயில் இருந்ததைத் தமிழுக்கு மாற்றியது நான்.
'அக்கா' சேர்த்தது என் சொந்தக் கைவரிசை.
அதற்குப் பிறகுதான் விற்பனை கூடியது.

குற்றம் என்ற சொல் மட்டும்
பல்லிடுக்கில் நாராகச் சிக்கிக்கொண்டது.
எந்த வழக்கு? யார் சாட்சி?
ஒரு துண்டுக் கோழியில் விடுதலை தருகிறவள்போல
நான் பல்குச்சியை நீட்டுகிறேன்.
அவர்களும் ஏதோ செய்துவிட்டவர்கள்போல
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள்.

மூன்று மணிக்குச் சுகுணமலர் வந்தார்.
செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்,
பூட்ஸில் செம்மண், முழங்கையில் முள் கீறல்,
அட்டையில் எந்த வரிக்கும் பொருந்தாதவர்.
துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கி,
"உப்பு எவ்ளோம்மா இதுல?"

அட்டையைத் திருப்பினேன்.
உப்புக்கு வசனம் இல்லை.
பாக்கெட்டைத் திருப்பினோம்.
முன்பக்கம் அம்மா ஒரு சாண் உயரம்,
பின்பக்கம் எழுத்து எள்ளைவிடச் சின்னது.
மீன் தராசு விளக்கில் பிடித்து,
கைப்பேசியில் படமெடுத்து, விரலால் விரித்து
சோடியம் என்ற வரியை நான் வாசித்தேன்.
"வீட்டுக்காரருக்குக் கிட்னி," என்றார்
படத்தில் இருப்பவளிடம்.
"கிளினிக்ல என்னைத்தான் ஏசுறாங்க.
நான்தானே சமைக்கிறேன்."

பிறகு விலையைப் பார்த்தார்.
மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
மல்லி, மிளகாய், சீரகம் தனித்தனியாக வாங்கினால்
நாலு ரிங்கிட் கூட.
நின்றார்.
யாரோ ஐஸ் அள்ளிக் கொட்டும் சத்தம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கு நான் செய்த நல்லது அவ்வளவுதான்,
அதை நல்லது என்று சொல்லலாமென்றால்.

மூன்று எடுத்தார். ஒன்று இலவசம்.
"பாதித் தூள் போட்டா போதும்ல?"
கேட்டது அவளிடமா, என்னிடமா.

ஆறு மணிக்குக் கணக்கு முடித்தேன்,
அறுபத்திரண்டு பாக்கெட்.
தவுக்கே கட்டைவிரலைக் காட்டினார்.
சட்டியில் இரண்டு துண்டு மிச்சம்.
படத்துக்கு எதிரே நின்றபடி
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே
இரண்டையும் நானே தின்றேன்.
உப்புதான்.
நல்ல ருசி.