செவ்வாய்க்கிழமை விருந்தாளி

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
காற்று திறந்த கதவை மூட
இரண்டு பேர் வேண்டும்.
யோபாங்காவிடம் இருப்பதோ ஒரே மடிக்கணினி,
எட்டு ஜிபி நினைவகம்,
விசைகளுக்கிடையே மாத்தேத் தூள்.

அலைமானியின் மென்பொருள்
எக்ஸ்பியைத் தவிர யாரிடமும் வாய் திறக்காது.
அது குடியிருந்த பழைய பெட்டி
போன வாரம் புகைந்துவிட்டது.

ஆக, கணினிக்குள் கணினி.
முதலில் இறக்கியது காசு கேட்டது.
அடுத்தது இலவசம், நல்ல வேகம்,
ஆனால் சீரியல் கேபிளைக் காட்டினால்
முன்பின் அறியாதவன்போல் முகம் திருப்பியது.
மூன்றாவதற்காக லினக்ஸ் கர்னலோடு
விடிய விடிய மல்லுக்கட்டினாள்.

பச்சைக் குன்று விரிந்தது.
எவ்வளவு நினைவகம் தரலாம்?
கூடினால் வீட்டுக்கு மூச்சு வாங்கும்.
ஒன்றரை ஜிபி, போதும்.

உடனே ஓர் அறிவிப்பு:
உரிமம் 2011 மே நான்கோடு முடிந்தது.

அப்போதுதான் புரிந்தது
பழைய பெட்டியின் மின்கலம் செத்து
கடிகாரம் பின்னோக்கிக் கிடந்ததால்தான்
இத்தனை வருடம் கடல் அளக்கப்பட்டது.

நேர ஒத்திசைவை அணைத்தாள்.
மே மூன்று, செவ்வாய் என்று வைத்து
ஒரு படிமம் எடுத்துக்கொண்டாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளாம்.
இவனுக்கு ஒரே நாள்,
தினமும் அதே நாள்.
மாலையில் எல்லாம் மறப்பான் என்பதால்
அளவுகளைப் பென்சிலால் குறிக்கிறாள்,
எங்கள் தேதி போட்டு.

“கடைசியில் எதைத்தான் எடுத்தாய்?”
ரதோமிரோ கேட்டபோது
நிமிராமல் சொன்னாள்:
“மணி பார்க்காததை.
ஒன்று புள்ளி நான்கு இரண்டு மீட்டர்,
ஏறிக்கொண்டிருக்கிறது, எழுது.”