மூன்று விரல் அகலம்

பத்தேகால் கோச்சி போனால்
அடுத்தது ஒன்றரைக்குத்தான்.
இடையில் இருப்பது
தகரக் கொட்டில், தண்ணீர்ப் போத்தல்,
சிவப்புக்கொடி, பச்சைக்கொடி,
தலைக்குமேல் மாங்குளத்து வெயில்.

தண்டவாளக் கரையில் மரல் தன்பாட்டில் நின்றது.
ஒருவரும் நட்டதில்லை, ஒருவரும் வெட்டியதுமில்லை.
ஓர் இலையைப் பலகையில் கிடத்தி
மொட்டைக் கத்தியின் முதுகால் வழித்தேன்.
பச்சைச் சளி கழன்று கழன்று
கடைசியில் வந்தது
ஒரு பிடி வெள்ளை மினுக்கம்.
கை இரண்டு நாள் கடித்தது.
மூன்றாம் நாள் இன்னும் ஆறு இலை வெட்டினேன்.

கதிர் என்று சொல்ல
சைக்கிள் கம்பி ஒன்று,
அடியில் வட்டமாய் அறுத்த பாலைத் துண்டு.
சுண்டிவிட்டால் சுழலும்.
நாரின் நுனி ஈரமாய் இருக்கவேண்டும்.
முறுக்குக் கூடினால் கோபித்துச் சுருளும்,
குறைந்தால்
சொல்லாமல் கொள்ளாமல் கழன்று விழும்.
போனில் யாரோ ஒரு மலைநாட்டுப் பெண் நெய்துகாட்டினாள்.
மொழி விளங்கவில்லை, கை விளங்கியது.

பாவின் ஒரு தலைப்பு கேற்றுத் தூணில்,
மறு தலைப்பு என் இடுப்பில்.
சாய்ந்தால் விறைக்கும்,
மூச்சு விட்டால் தளரும்.
கிரவல் டிப்பர்க்காரன் தலையை நீட்டிக் கேட்டான்:
"அக்காவை ஆர் கட்டிவைச்சது?"
"கட்டாட்டி கோச்சிக்குப் பின்னாலை ஓடிப்போடுவன்."

இரவு முறைக்கு வரும் அருட்சோதி
தொட்டுப் பார்த்தான்.
"நைலோன் கயிறு ஒரு கட்டு முந்நூறு ரூபா."
"தெரியும்."
"பிறகேன்?"
பதில் வரும் என்று நானும் காத்திருந்தேன்.
வரவில்லை.
ஓர் அடிக்கு எத்தனை கோச்சி என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன்.
பிறகு விட்டுவிட்டேன்;
எங்கள் சம்பளமே எந்தக் கணக்குக்கும் வராது.

தேக்கங்கொழுந்தைக் கசக்கிச்
சிவப்பென்று ஊற வைத்த நூல்
கபிலமாய்க் காய்ந்தது.
அதையும் நடுவில் ஒரு கோடாய் ஓட்டினேன்.
இடது கரை எப்போதும் உள்ளே இழுத்தது.
பிரித்து நெய்யவில்லை.
ஏழு மாதத்தில் பதினாறு அடி,
அகலம் மூன்று விரல்,
சில இடத்தில் இரண்டரை.

ஆடிக் காற்று.
கேற்றுக்கழி அச்சோடு கழன்று
மதகுக்குள் விழுந்தது.
ஸ்ரேசனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
தெற்கே கோன் சத்தம்.
ஏ-ஒன்பதுப் பக்கமிருந்து புழுதி கிளப்பி டிப்பர்.

என்னை அவிழ்க்க நேரமில்லை.
அவிழ்க்கவும் தேவையில்லை என்று
கால்தான் முதலில் கண்டுபிடித்தது.
இடுப்பில் சுருட்டியிருந்த நெசவை விரித்துக்கொண்டே
பாதைக்குக் குறுக்கே ஓடினேன்.
எதிர்த் தூணில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தேன்.
விறைத்தது.

பன்னிரண்டு அடிப் பாதை,
அதன் மேல் மூன்று விரல்,
நடுவில் சிவப்பாக நினைத்த ஒரு கபிலக் கோடு.
டிப்பர் நின்றது.
அவன் எஞ்சினையும் நிறுத்தினான்.

கோச்சி போகும்போது
ஒவ்வொரு பெட்டியும்
நூல் வழியாக இடுப்பில் தட்டியது.
ஒன்பது வரை எண்ணினேன்.
புழுதி அடங்கிய பிறகும்
அவன் உடனே எடுக்கவில்லை.
பகிடி ஏதும் விடவுமில்லை.

அடுத்தநாள் மேற்பார்வையாளர் வந்து
புத்தகத்தில் எழுதினார்:
"கயிறு கட்டி மறிக்கப்பட்டது."
"கயிறில்லை ஐயா" என்றேன்.
"அப்ப என்ன?"
"நெய்தது."
பேனையை ஒரு கணம் தூக்கிப் பிடித்தார்,
கீழே கையெழுத்திட்டார்.

புதுக் கழிக்கு வர்ணம் இன்னும் காயவில்லை.
நாடாவில் எங்கிருந்தோ பட்ட கிறீஸ் போகவில்லை;
நானும் பெரிதாய்த் தோய்க்கவில்லை.
இப்போது எருக்கம்பஞ்சைப் பிடித்திருக்கிறேன்.
முறுக்குக்கு நிற்காது, கொட்டில் முழுக்கப் பறக்கிறது.
தும்மித் தும்மிக்
கொடியை எடுக்கப் போனால்
கொடியிலும் பஞ்சு.