நோயாளி பெயர்: காயங்கேணி

பின்னேரம் நாலரை தாண்டி
கைமுறிவும் நெஞ்சுச்சளியும் வீட்டுக்குப் போனபிறகு
ஈரச் சாக்கில் சுற்றிய கல்லோடு வந்தாள் ரிஸ்மியா.
வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம்,
பணிப்பாளர் ஒப்பமிட்ட கடிதம்,
செருப்பில் இன்னும் கடல்மணல்.

"கல்லில்லை மிஸ், முருகை."
துளைத்தெடுத்த தடி. ஐந்து துண்டு.
விரல் தடிப்பில் அறுத்த பலகைகள்.

படிவம் நிரப்பாமல் கணினி விடாது.
பெயர்? காயங்கேணி.
வயது? அதைப் பார்க்கத்தானே வந்தது.
ஆணா பெண்ணா? எதையோ அழுத்தினேன்.
"மூச்சைப் பிடிங்க" என்றும்
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

திரையில் வரிகள்.
ஒரு வெள்ளை, ஒரு சாம்பல்: ஒரு வருஷம்.
இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம்
நூற்றுப் பதினெட்டு.
நான் பிறந்த வருஷத்தில் பேனாமுனையை வைத்தேன்.
சின்னிவிரல் நகத்தளவுதான்.

"என்ன வருத்தம் இதுக்கு?"
"படத்தில தெரியாது மிஸ்."
வரிவரியாய்ச் சுரண்டித் தூளாக்கி
கரியை நிறுக்க வேணுமாம்.
கரியில் கனத்தது உண்டு, இலேசானதும் உண்டு.
இலையும் பாசியும் இலேசைத்தான் தேடித் தின்னும்.
அவை செத்துப் புதைந்ததே நிலக்கரி, எண்ணெய்.
தோண்டி எரித்தால் காற்றில் இலேசு கூடும்;
காற்றிலிருந்து கடலுக்கு,
கடலிலிருந்து முருகையின் எலும்புக்கு.

எரிமலையாயும் இருக்கலாமே, என்றேன்.
(மச்சான் சதானந்தன் சோற்றுக்கு முன்னாலிருந்து
சொல்வது இதைத்தான்.)
"எரிமலைக் கரி இவ்வளவு இலேசில்லை."
குரலை உயர்த்தாமல் சொன்னாள்,
உப்புப் போதுமா என்று கேட்டதுபோல.

அப்போது கரண்ட் போனது.
பின்சுவருக்கு அப்பால் ஜெனரேற்றர்
இருமி இருமி எழும்பியது.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
திரை வந்தது. காயங்கேணியும் வந்தது.

நாலு மாதத்தால் கைத்தொலைபேசிக்கு
ஒரு கோடு அனுப்பினாள்.
இடப்பக்கம் காற்றில்லா வாவிபோல் கிடந்து,
மெல்லச் சாய்ந்து,
நான் பிறந்த இடம் தாண்டி
கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும் கோடு.
அவள் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அறிக்கை எழுத எனக்கு அதிகாரமில்லை.
நான் படம் எடுப்பவள்; வாசிப்பது டாக்குத்தர்.
ஆனாலும் அந்தக் கோப்பை அழிக்கவில்லை.

துளையைச் சீமெந்தால் அடைத்துவிட்டு வந்ததாய்ச் சொன்னாள்.
அதன்மேல் முருகை மூடி வளருமாம்.
வளர்ந்தால், புதுவரி ஒன்றில்
அன்றைய எங்கள் டீசலும் கிடக்கும்,
கண்ணுக்குத் தெரியாத அளவில்,
சம்பளப் பட்டியலில் வராத
என் ஓவர்டைம் போல.